கியூர், ஹீல், ட்ரீட், ரெகவர்: கடிதத்தில் எதை எங்கே எழுதுவது?

நாஞ்சில் செவிலி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆண்கள் பொதுப்பிரிவில் வேலை செய்கிறேன். பிரிட்டனுக்குப் போவதற்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துவருகிறேன். அதில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க மட்டும். மீதி 40 நிமிடத்தில், அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். மருந்தின் பெயர், அளவு, தேதி எதிலும் தயக்கம் இல்லை. நோய் சரியானதைச் சொல்லும் இடம் வந்தால் கை நின்றுவிடுகிறது.

எங்கள் குழுவில் சுற்றுகிற மாதிரிக் கடிதங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒன்றில் "ஷீ வாஸ் கியூர்ட் ஃப்ரம் நிமோனியா" என்று இருக்கிறது. இன்னொன்றில் "கியூர்ட் ஆஃப் நிமோனியா". மூன்றாவதில் "ரெகவர்ட் ஃப்ரம் நிமோனியா". காலில் புண் இருந்த சர்க்கரை நோயாளிக்கு ஒருவர் "தி வூண்ட் வாஸ் கியூர்ட்" என்று எழுதியிருக்கிறார். "ட்ரீட்மென்ட் ஃபார்", "ட்ரீட்மென்ட் ஆஃப்", "ட்ரீட்டட் வித்", "ட்ரீட்டட் பை" எல்லாம் கலந்து கிடக்கின்றன.

தமிழில் "குணமாகிவிட்டது" என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதுமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏன் இத்தனை? எது எதோடு சேரும் என்று காரணத்தோடு யாராவது விளக்குவீர்களா? பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. காரணம் தெரிந்தால்தான் தேர்வு அறையில் நினைவுக்கு வரும்.

கரும்பலகை பதில்:

சகோதரி, நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன். இலக்கணப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மருத்துவப் பக்கத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

"கியூர்" என்ற வினைக்கு மருத்துவரோ மருந்தோ எழுவாயாக வரும். செயப்படுபொருளாக நோயாளியும் வரலாம், நோயும் வரலாம். "தி டிரக் கியூர்ட் ஹிம்" சரி. "தி டிரக் கியூர்ஸ் மலேரியா" என்பதும் சரி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கும்போது நோயாளி முன்னால், நோய் பின்னால், நடுவில் "ஆஃப்". இந்த "ஆஃப்" எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. ஒருவரிடம் இருப்பதை நீக்குகிற வினைகள் ஆங்கிலத்தில் ஒரு குடும்பமாக இருக்கின்றன: "ரிட் ஆஃப்", "ராப் ஆஃப்", "ஸ்ட்ரிப் ஆஃப்", "டிப்ரைவ் ஆஃப்", "ரிலீவ் ஆஃப்". திருடன் ஒருவரைப் பணத்திலிருந்து நீக்குகிறான், மேலதிகாரி ஒருவரைப் பொறுப்பிலிருந்து நீக்குகிறார், மருத்துவர் ஒருவரை நோயிலிருந்து நீக்குகிறார். வாக்கியக் கட்டு எல்லாவற்றிலும் ஒன்றேதான். "கியூர்" இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

"ரெகவர்" வேறு வீடு. நோயாளியேதான் எழுவாய். அவரே நோயை விட்டு வெளியே வருகிறார், அதனால் "ஃப்ரம்". இங்கே மருத்துவர் எழுவாயாக வரவே முடியாது. "தி டாக்டர் ரெகவர்ட் ஹிம்" என்று எழுதினால், காணாமற்போன ஆளைத் தேடி மீட்டார் என்ற பொருள்தான் வரும். ஆற்றில் மூழ்கியவரின் உடலை மீட்டதற்குச் செய்தித்தாளில் எழுதுவது இந்தச் சொல்லைத்தான்.

"கியூர்ட் ஃப்ரம்" என்பது நம் "நோயிலிருந்து குணப்படுத்தினார்" என்ற வாக்கியத்தின் "இருந்து". இன்றைய ஆங்கிலத்தில் "கியூர்ட் ஆஃப்" என்பதே நிலைபெற்றது.

"ட்ரீட்" என்பதோடு மூன்று இடைச்சொற்களும் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. நோய்க்கு "ஃபார்", மருந்துக்கு "வித்", மருத்துவருக்கு "பை". மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாம்: "ஹி வாஸ் ட்ரீட்டட் ஃபார் நிமோனியா வித் ஆன்டிபயாடிக்ஸ் பை தி மெடிக்கல் டீம்". பெயர்ச்சொல்லாக வரும்போது "ட்ரீட்மென்ட் ஃபார் டிபி", "தி ட்ரீட்மென்ட் ஆஃப் டிபி" இரண்டும் சரியே. பேச்சுக்கு முதலாவது பக்கம், பாடநூல் தலைப்புக்கு இரண்டாவது பக்கம். "கியூர்", "ரெமெடி" பெயர்ச்சொற்களாக வந்தால் "ஃபார்". விஷமுறிவுக்கு "ஆன்டிடோட் டு". தடுப்பூசிக்கு "வாக்சின் அகெய்ன்ஸ்ட்", ஏனென்றால் அது எதிர்த்து நிற்கிறது.

மாத்திரை அட்டை பதில்:

காசநோய்த் திட்டத்தில் களப்பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சிகிச்சை அட்டை எழுதுவது, சளி டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்புவது, மாத்திரைக்கு வராதவர் வீட்டைத் தேடிப் போவது, இதுதான் என் உத்தியோகம். இந்தச் சொற்களோடுதான் பிழைத்தேன். ஆசிரியர் ஐயா சொன்ன இலக்கணம் அத்தனையும் சரி. ஆனால், செவிலி அம்மா, உங்கள் கேள்வியில் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழில் ஒரே சொல்தான் என்கிறீர்கள். உங்கள் பிரிவில் நோயாளியின் வீட்டார் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

காய்ச்சல் விட்டது என்பார்கள். புண் ஆறியது. வீக்கம் வடிந்தது. எலும்பு கூடியது. அம்மை இறங்கியது. பேதி நின்றது. வலி தணிந்தது. உடம்பு தேறியது. இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். காய்ச்சல் ஆறியது என்று யாரும் சொல்வதில்லை. வீக்கம் வடிந்தால் நல்லது. புண் வடிந்தால் சீழ் வைத்துவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவி இதைப் பிசகாமல் பேசுகிறாள். "குணமாகிவிட்டது" என்பது நாம் சீட்டில் எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பொதுச்சொல். அதைத் தூர வைத்துவிட்டு, அந்தக் கிழவி எந்த வினையைச் சொல்லியிருப்பாள் என்று யோசியுங்கள். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே நிற்கும். ஆறுவது "ஹீல்". தேறுவது "ரெகவர்". காய்ச்சல் விடுவது, தணிவது "சப்சைட்". எலும்பு கூடுவதை எலும்பு மருத்துவர்கள் "யுனைட்" என்றே எழுதுகிறார்கள். அதற்கும் கூடுவது என்றுதான் பொருள். "மருந்து கேட்கிறது" என்கிறோமே, அதுதான் "ரெஸ்பாண்ட் டு".

அப்படியானால் "கியூர்" எது? தீர்வது. தீராத நோய் என்கிறோமே, அந்தத் தீர்வு. நோய் தீர்ந்தது என்றால் மிச்சம் மீதி இல்லை, கணக்கு முடிந்தது. அதனால் இது மற்ற சொற்களைப் போல ஒரு நிலையைச் சொல்லும் சொல் இல்லை. சான்று கேட்கிற சொல். சான்று கையில் இல்லாதவர் இதை எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் திட்டத்தில் சிகிச்சை முடிந்த பிறகு அட்டையில் ஒரு முடிவு எழுத வேண்டும். அதில் "கியூர்ட்" ஒரு கட்டம், "ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்" வேறொரு கட்டம். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் திருத்திய வரையறைப்படி, நுரையீரல் காசநோயாளி, தொடக்கத்தில் கிருமி இருப்பது ஆய்வகத்தில் உறுதியானவர், சிகிச்சையின் கடைசி மாதத்திலும் அதற்கு முன்பு ஒரு முறையாவதும் சளியில் கிருமி இல்லை என்று வந்திருந்தால்தான் "கியூர்ட்". எல்லா மாத்திரையும் சாப்பிட்டு முடித்தார், தோல்வி என்று சொல்ல ஆதாரமும் இல்லை, ஆனால் கடைசி மாதச் சளி முடிவு கையில் இல்லை என்றால் "ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்". 2021-ல் வரையறையை மாற்றி எழுதினார்கள். கிருமி போனதற்குச் சான்று வேண்டும் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. "கியூர்ட்", "ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்" இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது "ட்ரீட்மென்ட் சக்சஸ்" என்பார்கள்.

கழுத்தில் நெறிகட்டிக் காசநோய் வந்த ஒரு பெண்பிள்ளை. ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் விழுங்கினாள். கட்டி கரைந்தது, எடை ஏறியது, மறுபடி கல்லூரிக்குப் போனாள். அட்டையில் நான் "ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்" என்று எழுதினேன். அவள் அப்பா அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மாறிவிட்டார். "பக்கத்துத் தெரு ஆளுக்குக் கியூர்ட் என்று போட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் முடிந்தது என்று போடுகிறீர்கள்? இன்னும் உள்ளே இருக்கிறதா?" என்று கேட்டார். அவரை உட்காரவைத்துச் சொன்னேன். பக்கத்துத் தெருக்காரருக்கு நோய் நுரையீரலில். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துக் கிருமி இல்லை என்று காட்ட முடியும். இவளுக்கு நோய் நெறிக்கட்டியில். கட்டியே போய்விட்ட பிறகு எதை எடுத்துச் சோதிப்பது? நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்க்கு "கியூர்ட்" என்ற கட்டம் வரையறையிலேயே இல்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள், சொல்தான் அவ்வளவு கறாரானது என்றேன். மனிதர் சமாதானமாகப் போனார். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்த அட்டையில் இருக்கும் ஒரு சொல்லுக்கு என்ன எடை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனை. காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்து: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்ப்யூட்டால். பிறகு 4 மாதம் பைரசினமைட் நீங்கலாக மற்ற மூன்று. அந்த முதல் 2 மாதம் முடியும்போது ஒரு கொத்தனாருக்குச் சளி நெகட்டிவ் ஆகிவிட்டது. வேறு காரணத்துக்காக அங்கே சேர்ந்திருந்தவரை அனுப்பும்போது, சுருக்கத்தில் "கியூர்ட் ஆஃப் பல்மனரி டிபி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் படித்த பையன் அதை வாசித்து அப்பாவுக்குச் சொல்லிவிட்டான். தீர்ந்துபோன நோய்க்கு யார் மாத்திரை சாப்பிடுவார்? நான் வீட்டுக்குப் போனபோது அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. திரும்பி வந்தபோது சளியில் மறுபடியும் கிருமி. அவரை "மறுபடி வந்த நோய்" என்ற வகையிலும் பதிய முடியவில்லை, ஏனென்றால் அந்த வகைக்கு முன்பு ஒரு முறை சிகிச்சை முடித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டியது "ஸ்மியர் நெகட்டிவ் அட் டூ மன்த்ஸ், கன்டினியூயிங் ட்ரீட்மென்ட்": இரண்டாம் மாதம் சளியில் கிருமி இல்லை, சிகிச்சை தொடர்கிறது. ஆறேழு சொல். அவை இருந்திருந்தால் பையன் வேறு மாதிரி வாசித்திருப்பான்.

மருந்து கண்டுபிடிக்கும் முன் மருத்துவர்கள் இந்தச் சொல்லை எவ்வளவு பயந்து தொட்டார்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்க சானடோரியங்களின் (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்த மருத்துவமனைகளின்) பழைய அறிக்கைகளில் "அப்பாரன்ட்லி கியூர்ட்", "அரெஸ்டட்", "இம்ப்ரூவ்ட்" என்று படிப்படியாக வகை பிரித்திருப்பார்கள். பார்வைக்குத் தீர்ந்தது போல் இருக்கிறது என்பதுதான் அவர்களால் சொல்ல முடிந்த உச்சம். ஓய்வும் காற்றும் உணவும் மட்டுமே கையில் இருந்த காலம் அது. ஐசோனியசிட் 1952-ல் வந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே ஓராண்டு மாத்திரை சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டு, பலன் ஏறக்குறைய சமம் என்று 1959-ல் வெளியிட்டது. உலகம் முழுக்க சானடோரியம் மூடப்பட அந்த ஆய்வும் ஒரு காரணம். நம் ஊரில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையப் பெயராக அந்தச் சொல் இன்னும் நிற்கிறது.

மற்ற நோய்களுக்கும் இதே கறார் உண்டு. ஹெபடைடிஸ் சி-க்கு மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் "கியூர்ட்" என்கிறார்கள். எச்.ஐ.வி.க்கு வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தாலும் "சப்ரெஸ்ட்"தான், அடக்கிவைத்திருக்கிறது என்று மட்டும். புற்றுநோயில் "ரெமிஷன்", அதாவது நோய் அடங்கியிருப்பது. சர்க்கரை நோயில் "கன்ட்ரோல்ட்", "மேனேஜ்ட்". எல்லா மருந்தையும் நிறுத்திக் குறைந்தது 3 மாதம் கழித்தும் எச்.பி.ஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் "ரெமிஷன்" என்று 2021-ல் பன்னாட்டு வல்லுநர் குழு முடிவு செய்தது. அப்போதும் "கியூர்" என்று எழுதவில்லை. தொழுநோயில் மருந்து முடித்தவரை "ரிலீஸ்ட் ஃப்ரம் ட்ரீட்மென்ட்" என்று எழுதுவார்கள். கிருமி போய்விட்டது, மரத்துப்போன கையும் மடங்கிய விரலும் அப்படியே இருக்கலாம். அவரைக் "கியூர்ட்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், அடுத்த செவிலியர் அந்தப் பாதத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவார்.

நாஞ்சில் செவிலி:

ஐயா, தீர்வது என்று நீங்கள் சொன்னதும் பாதிக் குழப்பம் போய்விட்டது. நாங்களும் தொழுநோய் முடித்தவர்களின் பாதப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறோம், அதனால் கடைசியில் சொன்னது நன்றாகவே புரிகிறது.

இரண்டு சந்தேகம். "ஹீல்" என்பது புண்ணுக்கு மட்டும்தானா? தேவாலயங்களில் "ஹீலிங்" கூட்டம் என்று எல்லா நோய்க்கும் சொல்கிறார்களே. இன்னொன்று, அங்கே நோயாளிகள் நிஜமாக எப்படிப் பேசுவார்கள்? கேட்கும் பகுதியில் "ஷேக் ஆஃப்", "பிக் அப்" என்றெல்லாம் வந்து தடுமாறவைக்கிறது.

லீட்ஸ் இரவுப்பணி பதில்:

தங்கைக்கு வணக்கம். நான் திருநெல்வேலிக்காரி, இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் புண் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

"ஹீல்" என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் முழுமையாக்குவது என்ற பொருளில் இருந்து வந்தது. "ஹோல்", "ஹெல்த்" எல்லாம் அதன் உறவு. பிளந்தது சேர்ந்து முழுதாவது. அதனால்தான் புண்ணுக்கும் தையலுக்கும் எலும்புக்கும் பொருந்துகிறது. மனம் உடைந்தால்கூட ஆங்கிலேயர் "ஹீல்" என்பார்கள். பைபிளின் பழைய மொழிபெயர்ப்புகளில் குருடரும் முடவரும் "ஹீல்ட்" ஆவார்கள், அந்த வழக்கு ஆலயத்தில் நிலைத்துவிட்டது. மருத்துவக் கடிதத்தில் நிமோனியாவுக்கோ டைஃபாய்டுக்கோ "ஹீல்ட்" என்று எழுதாதீர்கள். படிக்கிறவர் பிரார்த்தனைக் கூட்டத்தை நினைப்பார்.

இன்னொரு முக்கியமான விஷயம்: "ஹீல்" என்பதற்குப் புண்ணே எழுவாய். "தி வூண்ட் ஹீல்ட்". நாங்கள் ஆற்றவில்லை, அது ஆறுகிறது. நாங்கள் அழுக்கைக் கழுவி, ஈரத்தை அளவாக வைத்து, அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். தையல் போட்டு இரண்டு ஓரமும் சேர்ந்து ஆறினால் "ஹீலிங் பை பிரைமரி இன்டென்ஷன்". திறந்தே விட்டு அடியிலிருந்து சதை நிரம்பி மேலே வந்து ஆறினால் "செகண்டரி இன்டென்ஷன்". சர்க்கரைக் காலில் பெரும்பாலும் இரண்டாவதுதான் பார்ப்பீர்கள். வெறுமனே "ஹீலிங் வெல்" என்று எழுதுவதைவிட, அடியில் என்ன தெரிகிறது என்று எழுதினால் அடுத்த ஆளுக்கு உபயோகம். சிவப்பாகப் பொடிப்பொடியாகச் சதை வளர்ந்தால் "கிரானுலேட்டிங்". மஞ்சளாக வழவழவென்று ஒட்டியிருந்தால் "ஸ்லஃபி". நீளமும் அகலமும் ஆழமும் மில்லிமீட்டரில்.

போன வாரம் ஒரு மூதாட்டி, கால்புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசியதைச் சொல்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே பதில். கிறிஸ்துமஸ் சமயத்தில் "கேம் டவுன் வித் ஃப்ளூ" என்றார்: நோய் வந்தது. "குட்ன்ட் ஷேக் இட் ஆஃப்" என்றார்: விட்டு ஒழியவே இல்லை. "ஐ வாஸ் ரைட் பூர்லி": இந்த யார்க்‌ஷயர் பக்கத்தில் ரொம்ப முடியவில்லை என்பதற்கு இப்படித்தான் சொல்வார்கள், "ரைட்" என்பதைச் "சரி" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை கொடுத்ததும் நெஞ்சுச் சளி "கிளியர்ட் அப்", கணுக்கால் வீக்கம் "வென்ட் டவுன்". இப்போது "ஐ ஆம் ஆன் தி மென்ட்": தேறிவருகிறேன். அவர் மகள் நடுவில் புகுந்து "ஷீ இஸ் பிக்கிங் அப் நைஸ்லி" என்றாள். இவ்வளவு பேச்சிலும் "கியூர்" ஒரு தடவைகூட வரவில்லை. இங்கே வந்ததிலிருந்து நோயாளி வாயில் அந்தச் சொல்லை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். ஜலதோஷத்துக்கும் காய்ச்சலுக்கும் "கெட் ஓவர்"தான். மேலே உள்ளவை பேச்சுக்கு. கடிதத்தில் "ஷேக் ஆஃப்" எழுத வேண்டாம்.

அனுப்பும் கடிதங்களில் இங்கே மருத்துவர்கள் எழுதுவது "மேட் அ குட் ரெகவரி", "சிம்ப்டம்ஸ் ரிசால்வ்ட்", "மெடிக்கலி ஃபிட் ஃபார் டிஸ்சார்ஜ்". கடைசிச் சொற்றொடரைக் கவனியுங்கள். நோய் போய்விட்டது என்று அதில் இல்லவே இல்லை. வீட்டுக்குப் போகும் அளவுக்கு உடம்பு இருக்கிறது என்பது மட்டும்தான்.

நம் ஊர் வழக்கில் இருந்து ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். "டேக்கிங் ட்ரீட்மென்ட்" என்று இங்கே எழுதுவதில்லை. "ரிசீவிங் ட்ரீட்மென்ட்" அல்லது "ஆன் ட்ரீட்மென்ட் ஃபார்". மருந்தைத்தான் "டேக்" செய்வார்கள்.

பதினான்காம் நம்பர் பதில்:

மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சுருக்கமாக ஒன்று. இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சட்டமே அளந்து வைத்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம், பட்டியலில் உள்ள நோய்களுக்கு "டயக்னோசிஸ், கியூர், மிட்டிகேஷன், ட்ரீட்மென்ட் ஆர் பிரிவென்ஷன்" என்று எதைச் சொல்லியும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. ஐந்தும் தனித்தனிச் சொல். கண்டறிவது, தீர்ப்பது, கடுமையைக் குறைப்பது, சிகிச்சை செய்வது, தடுப்பது. பட்டியலில் புற்றுநோய், சர்க்கரை, கண்புரை, வலிப்பு, வெண்புள்ளி எல்லாம் இருக்கின்றன. அப்படியும் எங்கள் ஊர்ச் சுவர்களில் சர்க்கரையை வேரோடு தீர்ப்பதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு இன்சுலினை நிறுத்தியவர்கள் என் கடைக்கு வந்து நிற்கும்போது வயிறு எரிகிறது.

அமெரிக்காவிலிருந்து வரும் புரதப் பொடி, வைட்டமின் டப்பாக்களின் பின்புறம் திருப்பிப் பாருங்கள். சிறிய எழுத்தில் "திஸ் பிராடக்ட் இஸ் நாட் இன்டென்டட் டு டயக்னோஸ், ட்ரீட், கியூர், ஆர் பிரிவென்ட் எனி டிசீஸ்" என்று இருக்கும். 1994-ல் அங்கே வந்த சட்டத்தால் போடுகிறார்கள். "ட்ரீட்" என்று சொன்ன பிறகு "கியூர்" எதற்கு என்று தோன்றும். முயற்சி வேறு, முடிவு வேறு. இரண்டையும் தனித்தனியாக மறுத்தால்தான் தப்பிக்க முடியும்.

கரும்பலகை:

நண்பர் சொன்ன முயற்சி, முடிவு என்ற பிரிவு வினைகளின் காலத்திலும் தெரியும். "ஹி வாஸ் ட்ரீட்டட் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்" என்று காலநீட்சி சொல்லலாம். "ஹி வாஸ் கியூர்ட் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்" என்றால் ஆறு மாதம் மட்டும் நோயில்லாமல் இருந்தார், பிறகு வந்துவிட்டது என்று ஆகிவிடும். முடிவைச் சொல்லும் வினைக்கு "இன் சிக்ஸ் மன்த்ஸ்" என்றுதான் எழுத வேண்டும்.

கட்டட வேலைக்காரர்கள் சொல்லும் "கியூரிங்" இதே சொல்தானா என்று ஒரு மாணவன் கேட்டான். இதே சொல்தான். லத்தீனில் கவனித்துப் பார்த்துக்கொள்வது என்று பொருள்படும் "கூரா"தான் வேர். கான்கிரீட்டை 7 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. மருத்துவத்தில்தான் அது பார்த்துக்கொள்வதிலிருந்து தீர்த்துவைப்பதற்கு நகர்ந்துவிட்டது.

நாஞ்சில் செவிலி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு பயிற்சிக் குறிப்பை வைத்து எழுதிப் பார்த்தேன். நோயாளி 62 வயது, சர்க்கரை உண்டு, நிமோனியாவுக்குச் சேர்ந்தார், வலது பாதத்தில் புண், பழைய காசநோய். திருத்திக் கொடுங்கள்.

"ஹி வாஸ் ட்ரீட்டட் ஃபார் நிமோனியா வித் இன்ட்ராவீனஸ் ஆன்டிபயாடிக்ஸ் அண்ட் ரெஸ்பாண்டட் வெல். ஹிஸ் ஃபீவர் சப்சைடட் ஆன் டே த்ரீ. தி அல்சர் ஆன் ஹிஸ் ரைட் ஃபுட் இஸ் ஹீலிங். ஹிஸ் டயாபடீஸ் இஸ் கன்ட்ரோல்ட் வித் இன்சுலின். ஹி வாஸ் கியூர்ட் ஆஃப் பல்மனரி டியூபர்குளோசிஸ் இன் 2019."

லீட்ஸ் இரவுப்பணி:

நன்றாக வந்திருக்கிறது, தங்கை. புண்ணுக்கு அளவு சேருங்கள். "ஹீலிங்" என்பதற்குப் பதில் "கிரானுலேட்டிங்" என்று குறிப்பில் இருந்தால் அதையே எழுதுங்கள். சர்க்கரைக்குக் கடைசி எச்.பி.ஏ1சி எண் இருந்தால் "கன்ட்ரோல்ட்" என்பதற்குப் பக்கத்தில் போடுங்கள். எண் 9-க்கு மேல் என்றால் "கன்ட்ரோல்ட்" என்று எழுதவே கூடாது. "ஆன் இன்சுலின்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாத்திரை அட்டை:

கடைசி வாக்கியம் மட்டும், அம்மா. "கியூர்ட் ஆஃப்" இலக்கணப்படி சரி. ஆனால் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று மறுபடி பாருங்கள். 2019-ல் சிகிச்சை முடித்தார் என்று மட்டும் இருந்தால் "ஹி கம்ப்ளீட்டட் ட்ரீட்மென்ட் ஃபார் பல்மனரி டியூபர்குளோசிஸ் இன் 2019" என்று மாற்றுங்கள். கடைசி மாதச் சளி நெகட்டிவ் என்றும் இருந்தால் நீங்கள் எழுதியது நிற்கட்டும். இப்போது நிமோனியாவோடு வந்திருப்பவர் என்பதால், பெறுகிற மருத்துவர் சளியைத் திரும்பச் சோதிக்கலாமா என்று முடிவு செய்ய இந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்.